மண்ணைச் சோதிக்க யார் பணம் தருவது?

வாலாஜாபாத்துக்கு அருகே திருமுக்கூடலில் மூன்று ஆறுகள் ஒன்றுசேர்கின்றன. தோல் தொழில் நகரங்களைக் கடந்து மேற்கிலிருந்து வருகிறது பாலாறு. காஞ்சிபுரம் நகரின் கழிவையும் சாயத்தையும் வாங்கிக்கொண்டு வருகிறது வேகவதி. திருவண்ணாமலை மாவட்டத்தில் புறப்பட்டு, சம்பந்தர் பாடிய திருமாகறலீசுவரர் கோயில் இருக்கும் மாகறலைத் தொட்டு வருகிறது செய்யாறு. மாகறல் வயல்களுக்கு நடுவே இருக்கும் ஊர். அங்கே பாழடைந்த ஆலையோ, மூடிக் கிடக்கும் ரசாயனக் கிடங்கோ இல்லை. ஆனால் அந்த ஊரைச் சுற்றி ஓடும் நீரும் வளரும் நகரமும் எழுப்பும் ஒரு கேள்வி இருக்கிறது. தொழில் நடந்து முடிந்த ஒரு நிலத்தில் அடுத்து வீடு வரப்போகிறது, பள்ளி வரப்போகிறது, பூங்கா வரப்போகிறது என்றால், அந்த மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கும் செலவு யாருடையது?

மாசுபட்ட நிலத்தைப் பற்றி நாம் பேசும்போது மூன்று செலவுகளை ஒன்றாகக் குழப்பிவிடுகிறோம். பாதிக்கப்பட்டவருக்கு ஈடு கொடுப்பது ஒன்று. நிலத்தைச் சுத்தம் செய்வது இன்னொன்று. இவை இரண்டுக்கும் முன்னால், அங்கே என்ன இருக்கிறது, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, எந்தத் திசையில் நகர்கிறது என்று கண்டறிவது மூன்றாவது. நீதிமன்றங்களும் இயக்கங்களும் பத்திரிகைகளும் முதல் இரண்டைப் பற்றி நிறையப் பேசியிருக்கின்றன. மூன்றாவதுதான் அனாதையாக நிற்கிறது. அதற்குப் பொதுப் பணத்தை முன்கூட்டியே ஒதுக்காதவரை மற்ற இரண்டும் நடக்காது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பாலாற்றுப் படுகையில் இருக்கும் ராணிப்பேட்டையிலிருந்து தொடங்குவது பொருத்தம். அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற ஆலை 1970களின் நடுவில் தொடங்கி ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஓடியது. தோல் பதனிடுவதற்கான குரோமிய உப்புகளைத் தயாரித்தது. 1990களின் நடுவில் ஆலை மூடப்பட்டபோது, குரோமியம் கலந்த திடக்கழிவு 2 லட்சம் டன்னுக்கு மேல் திறந்தவெளியில் மலைபோல் கிடந்தது. குரோமியத்தில் இரண்டு வகை முக்கியம். தோலைப் பதப்படுத்தும் குரோமியம்-3 எளிதில் கரையாது, ஒப்பீட்டளவில் ஆபத்தும் குறைவு. குரோமியம்-6 நீரில் கரையும், மண்ணில் நகரும், புற்றுநோயை உண்டாக்கும். மழை பெய்யும்போதெல்லாம் அந்தக் குவியலிலிருந்து மஞ்சள் நீர் வடிந்தது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. ராணிப்பேட்டைச் சுற்றுவட்டாரக் கிணறுகள் பலவற்றில் அந்த அளவு பன்மடங்கு மீறப்பட்டது. நியூயார்க்கைச் சேர்ந்த பிளாக்ஸ்மித் நிறுவனம் 2006இல் உலகின் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களைப் பட்டியலிட்டபோது, செர்னோபிலோடு ராணிப்பேட்டையும் அதில் இடம்பெற்றது.

ஹைதராபாத்தின் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே நிலத்தடி நீரின் ஓட்டத்தை ஆராய்ந்தது. பிறகு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழியாக, நாட்டின் வேறு சில கழிவுக் கிடங்குகளோடு சேர்த்து, ராணிப்பேட்டைக்கும் விரிவான திட்ட அறிக்கை தயாரிக்கும் வேலை எடுக்கப்பட்டது. ஆலை மூடியதற்கும் முறையான மதிப்பீட்டுக்கும் இடையே ஓடிய ஆண்டுகளை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டுகளில் ஒவ்வொரு பருவமழையும் குவியலைக் கழுவிக் கீழே இறக்கியது. மண்ணின் மேற்பரப்பில் இருந்தபோது அள்ளி எடுக்கக்கூடியதாக இருந்த பொருள், பாறை இடுக்குகளுக்குள் போய்விட்டால் எடுக்க முடியாததாகிவிடுகிறது. தாமதமான சோதனை சுத்திகரிப்பின் விலையைப் பல மடங்கு ஏற்றிவிடுகிறது. மூடிய ஆலையிடம் பணம் கிடையாது. மாநில அரசு மத்திய அரசைப் பார்த்தது, மத்திய அரசு மாநிலத்தைப் பார்த்தது.

இத்தனைக்கும் 'மாசுபடுத்தியவரே செலுத்த வேண்டும்' என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் உறுதியாக நிலைபெற்றதே இதே பாலாற்றுப் படுகையிலிருந்துதான். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதாக ஓர் ஆய்வு சொன்னதை அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. ஒவ்வொரு தோல் ஆலையும் 10,000 ரூபாய் அபராதம் கட்ட வேண்டும், இழப்பைக் கணக்கிட ஓர் ஆணையம் வேண்டும் என்றது. ஆணையம் அமைந்தது, 2001இல் இழப்பீட்டுத் தீர்வையும் அறிவித்தது. ஆனால் கொடுக்க வேண்டியவர்கள் கொடுக்கவில்லை, பெற வேண்டியவர்கள் முழுதாகப் பெறவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டது. மீதமுள்ளவர்களுக்கு மாநில அரசே பணத்தைக் கொடுத்துவிட்டு, பின்னர் அதை ஆலைகளிடமிருந்து வசூலிக்கட்டும் என்றது. பாதிக்கப்பட்டவரைக் காக்க வைக்காமல் அரசு முதலில் செலுத்தி, பிறகு துரத்தி வசூலிப்பது என்ற அந்த வரிசை இழப்பீட்டுக்கு ஏற்றதென்றால் மண் சோதனைக்கு அதைவிட ஏற்றது. இழப்பீடு தாமதமானால் ஒரு குடும்பத்தின் கடன் பெருகும். சோதனை தாமதமானால் நஞ்சு நகர்ந்துகொண்டே இருக்கும்.

பணமுள்ள நிறுவனம் பொறுப்பாளியாக இருந்தால் எல்லாம் எளிதாகிவிடுமா? கொடைக்கானல் பதில் சொல்கிறது. அங்கே இந்துஸ்தான் யூனிலீவரின் பாதரச வெப்பமானி ஆலை 1980களில் தொடங்கி இயங்கியது. பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடப்பதை ஊர்மக்களும் கிரீன்பீஸ் அமைப்பும் 2001இல் வெளிப்படுத்தின. ஆலை மூடப்பட்டது. 2003இல் ஏறக்குறைய 290 டன் பாதரசக் கழிவு மறுசுழற்சிக்காக அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. எஞ்சியது ஆலை வளாகத்தின் மண். அதை எந்த அளவுக்குச் சுத்தப்படுத்துவது என்பதில் ஆண்டுக்கணக்கில் வழக்காடினார்கள். ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்ற அளவு ஏற்கப்பட்டது. சோலைக்காடுகளுக்கு மேலே, பாம்பார் நீர்ப்பிடிப்பின் விளிம்பில் இருக்கும் ஓர் இடத்துக்கு அது போதாது என்று ஊர்மக்களும் சூழலியலாளர்களும் வாதாடினார்கள்.

அந்த அளவு சரியா தவறா என்பதைவிட, அதைச் சுற்றி நிலவிய அவநம்பிக்கை கவனிக்க வேண்டியது. ஆய்வுகளுக்கான செலவை நிறுவனம் ஏற்றுக்கொண்டது; சட்டம் எதிர்பார்ப்பதும் அதைத்தான். ஆனால் மாசுக்குப் பொறுப்பாளியே ஆய்வாளருக்குச் சம்பளம் கொடுத்தால், ஆய்வாளர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் ஊர் அவரை நம்பாது. எங்கே துளையிடுவது, எத்தனை மாதிரி எடுப்பது, எந்த ஆழத்தில் நிறுத்துவது என்பதெல்லாம் முடிவைத் தீர்மானிக்கும் விஷயங்கள். அவற்றைப் பணம் கொடுப்பவரின் மேற்பார்வையில் செய்தால் பத்தாண்டு வழக்கு உத்தரவாதம். முதலில் பொது நிதியிலிருந்து செலவழித்து, பொது அமைப்பின் பெயரில் ஆய்வை நடத்தி, முழு அறிக்கையையும் தமிழில் ஊர் முன்னால் வைத்து, பிறகு நிறுவனத்திடம் பில்லை அனுப்புவதே முறை. பணம் கடைசியில் அதே பையிலிருந்துதான் வருகிறது. ஆனால் ஊரின் நம்பிக்கை காப்பாற்றப்படுகிறது.

தண்டையார்பேட்டையில் 2013இல் நடந்தது இதற்கு அடுத்த வகை. சென்னைத் துறைமுகத்திலிருந்து வரும் எண்ணெய்க் குழாயில் ஏற்பட்ட கசிவால் வீட்டு ஆழ்துளைக் கிணறுகளில் எரிபொருள் வந்தது. நிறுவனம் உயிரோடு இருந்தது, அரசுடைமையாக இருந்தது, தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் பின்தொடர்ந்தது, வேலை நகர்ந்தது. நகரத்தின் நடுவில் நிகழ்ந்த மாசு என்பதால் நினைவில் வைக்க வேண்டிய உதாரணம். ஆனால் இத்தகைய வசதியான பொறுப்பாளி எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை.

போபாலை எடுத்துக்கொள்வோம். யூனியன் கார்பைடு ஆலையில் கட்டிக் கிடந்த 337 டன் நச்சுக் கழிவு, நச்சுவாயு விபத்து நடந்து நாற்பது ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரியில்தான் பீதம்பூருக்கு ஏற்றிச் செல்லப்பட்டு அந்த ஆண்டின் நடுப்பகுதிக்குள் எரிக்கப்பட்டது. மத்திய அரசு அதற்கு 126 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஆனால் நாக்பூரின் நீரி நிறுவனமும் ஹைதராபாத்தின் புவி இயற்பியல் நிறுவனமும் 2010 வாக்கில் செய்த மதிப்பீடு, அந்த வளாகத்தில் 11 லட்சம் டன் மண் மாசுபட்டிருப்பதாகச் சொன்னது. மூட்டை கட்டி வைத்திருந்த 337 டன்னுக்கு நாற்பது ஆண்டு என்றால், மண்ணோடு கலந்துவிட்ட 11 லட்சம் டன்னுக்கு? 1984இல் உலகமே பார்த்துக்கொண்டிருந்த ஒரு வளாகத்தின் மண்ணை அளப்பதற்கே கால் நூற்றாண்டு பிடித்தது என்பது என்னை மிகவும் உறுத்துகிறது.

வெளிநாடுகள் இந்தப் பாடத்தைக் கடுமையான விலை கொடுத்துத்தான் கற்றன. நெதர்லாந்தில் ராட்டர்டாம் அருகே லெக்கர்கெர்க் என்ற ஊரில் 1970களில் புதுக் குடியிருப்பு எழுந்தது. பழைய வாய்க்கால்களைத் தூர்த்த இடம் அது. தூர்த்த பொருளுக்குள் ரசாயன பீப்பாய்கள் இருந்தன. 1980இல் நூற்றுக்கணக்கான குடும்பங்களை வெளியேற்றி, வீடுகளுக்கு அடியிலிருந்த மண்ணைத் தோண்டி எடுக்க வேண்டியதாயிற்று. செலவை அரசு ஏற்றது. 1983இல் மண் சுத்திகரிப்புக்கான முதல் சட்டம் வந்தது, நாடு முழுக்கப் பழைய தொழில் நிலங்களைக் கணக்கெடுக்கும் பழக்கம் வேரூன்றியது. அமெரிக்காவில் நயாகரா அருகே லவ் கால்வாய் என்ற இடத்தில் 20,000 டன்னுக்கு மேற்பட்ட ரசாயனக் கழிவைப் புதைத்த நிறுவனம், அந்த நிலத்தை 1953இல் ஒரே ஒரு டாலருக்குப் பள்ளி நிர்வாகத்துக்கு எழுதிக்கொடுத்தது. பள்ளி வந்தது, வீடுகள் வந்தன, 1978இல் அவசரநிலை அறிவிப்பும் வந்தது. 1980இல், மாசுபட்ட நிலங்களைச் சுத்தம் செய்வதற்கான சூப்பர்ஃபண்ட் சட்டம் பிறந்தது.

சூப்பர்ஃபண்ட் மிக மோசமான இடங்களுக்கானது. நமக்கு அதைவிடப் பயனுள்ள படிப்பினை, அதற்குப் பின்னால் வந்த 'பிரவுன்ஃபீல்டு' திட்டத்தில் இருக்கிறது. பழைய பெட்ரோல் பங்க், சலவைக் கூடம், சிறு உலோகப் பட்டறை இருந்த மனை போன்றவை ஆயிரக்கணக்கில் நகரங்களுக்குள் வெறுமனே கிடந்தன. மாசு இருக்குமோ என்ற பயத்தில் யாரும் வாங்கவில்லை, வங்கி கடன் தரவில்லை. சோதித்துப் பார்க்கவும் யாரும் தயாராக இல்லை; சோதித்து ஏதாவது கிடைத்துவிட்டால் பொறுப்பு தலையில் விழும். இப்படிப்பட்ட இடங்கள் நான்கரை லட்சத்துக்கு மேல் இருப்பதாக அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை மதிப்பிட்டது. 1993இல் ஓஹையோவின் கயஹோகா மாவட்டத்தில் சோதனை முயற்சியாகத் தொடங்கி, 2002இல் தனிச் சட்டமாக வளர்ந்த இந்தத் திட்டத்தில், மதிப்பீட்டுக்கென்றே தனி மானியம் வைத்தார்கள். நகராட்சி விண்ணப்பிக்கலாம். அந்தப் பணத்தில் பழைய ஆவணங்களைத் தேடலாம், நிலங்களைப் பட்டியலிடலாம், துளையிட்டு மாதிரி எடுக்கலாம், மக்களைக் கூட்டிப் பேசலாம். மாசுபடுத்தியவர் இந்த மானியத்தைத் தொட முடியாது. 2021இல் நிறைவேறிய உட்கட்டமைப்புச் சட்டம் இத்திட்டத்துக்கு மட்டும் 150 கோடி டாலர் கொடுத்தது. சோதனையின் பயத்தைப் பொதுப் பணம் வாங்கிக்கொண்டால் நிலம் மீண்டும் புழக்கத்துக்கு வருகிறது என்பதே அங்கே கண்ட அனுபவம்.

இந்தியாவிடம் பணம் இல்லாமல் இல்லை. 2010-11 பட்ஜெட்டில் நிலக்கரிக்கு டன்னுக்கு 50 ரூபாய் தீர்வை போட்டு, தேசிய தூய எரிசக்தி நிதி தொடங்கப்பட்டது. கழிவுக் கிடங்குகளைச் சீரமைக்கும் ஆயத்தப் பணிகளுக்கு அந்த நிதியின் கதவு கொஞ்சம் திறந்தது. தீர்வை 2016இல் டன்னுக்கு 400 ரூபாய் வரை ஏறியது. 2017-18 வரை வசூலானது 86,000 கோடி ரூபாய்க்கு மேல். நிதிக்கு மாற்றப்பட்டது 30,000 கோடிக்குச் சற்றுக் குறைவு. திட்டங்களுக்குப் போனது 16,000 கோடிக்குச் சற்றுக் குறைவு. ஜிஎஸ்டி வந்ததும் தீர்வையே மாநிலங்களுக்கான இழப்பீட்டுக் கணக்கில் கரைந்துபோனது. நாட்டிலுள்ள மாசுபட்ட நிலங்கள் அனைத்தையும் அளந்து வரைபடமாக்க இதில் ஒரு சிறு துண்டு போதுமாக இருந்திருக்கும். அந்த வாய்ப்பு தவறியதைச் சாதாரணமாகக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

2025 ஜூலையில் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் மாசுபட்ட இடங்களின் மேலாண்மைக்கென முதல்முறையாகத் தனி விதிகளை வெளியிட்டது. வரவேற்க வேண்டிய விதிகள். உள்ளாட்சியோ மாவட்ட நிர்வாகமோ சந்தேகத்துக்குரிய இடங்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலிட்டு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். வாரியம் 90 நாளில் முதல்நிலை மதிப்பீட்டையும், அடுத்த சில மாதங்களில் விரிவான ஆய்வையும் முடிக்க வேண்டும். பொறுப்பாளி யார் என்று கண்டுபிடித்துச் செலவை அவரிடம் பெற வேண்டும். பொறுப்பாளி இல்லையென்றால் அரசுகள் ஏற்க வேண்டும். விதிகள் வந்த நேரத்தில் நாடு முழுவதும் கண்டறியப்பட்டிருந்த இடங்கள் 103, சீரமைப்பு தொடங்கியிருந்தது ஏழில் மட்டும்.

விதியின் முதல் படியில் நிற்பது உள்ளாட்சி. அங்கேதான் ஓட்டை. சம்பளத்துக்கும் தெருவிளக்குக்கும் திண்டாடும் ஒரு நகராட்சியிடம், எந்தச் சர்வே எண்ணில் நாற்பது வருடத்துக்கு முன் எந்தப் பட்டறை இருந்தது என்று தேடச் சொல்கிறோம். ஆளும் தரவில்லை, பணமும் தரவில்லை. இன்னொரு குறையும் உண்டு. சாதாரண நகரக் குப்பைக் கிடங்குகள் பொதுவாக இந்த விதிகளின் வரம்புக்கு வெளியே நிற்கின்றன. தூய்மை இந்தியா இயக்கத்தின் இரண்டாம் கட்டம் பழைய குப்பையைச் சலித்து அகற்றப் பணம் தருகிறது. பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் பயோமைனிங் என்ற பெயரில் பழைய குப்பை இப்படி அகற்றப்பட்டு வருகிறது. ஆனால் குப்பை போன பிறகு, பல பத்தாண்டுகள் கசிவுநீர் குடித்த அடிமண்ணை யார் சோதிப்பது, யார் பணத்தில்? மேலே பூங்கா வரும், குழந்தைகள் விளையாடுவார்கள்.

இப்போது காஞ்சிபுரம். 2021இல் மாநகராட்சியான ஊர். பட்டு நெசவில் பாவும் ஊடையும் தறிக்குப் போகும் முன் நூல் பசை நீக்கப்பட்டுச் சாயத் தொட்டியில் இறங்குகிறது. சோடாவும் சோப்பும் அமிலச் சாயமும் சேர்ந்த தண்ணீர் வேறு வழியின்றி வாய்க்காலில் இறங்கி வேகவதியை அடைவது நீண்டகாலப் புகார். சாயப்பட்டறைகள் பெரும்பாலும் குடும்பத் தொழில். வீட்டுக்குப் பின்னாலேயே நடப்பவையும் உண்டு. தறி குறைந்து பட்டறை மூடினால் அந்த இடம் மாடி வீடாகிறது, கல்யாண மண்டபமாகிறது. திருக்காலிமேடு, நத்தப்பேட்டைப் பகுதியில் நகரக் குப்பை கொட்டப்பட்டு வந்த நிலங்களும் நாளை வேறொரு பயனுக்கு வரும். ஒரு பட்டுச் சாயப்பட்டறையை ராணிப்பேட்டைக் குரோமியக் குவியலோடு ஒப்பிடுவது அநியாயம். பெரும்பாலான மனைகளில் கவலைப்பட ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். அப்படி ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுக்கவும் சோதனை வேண்டும் அல்லவா?

அடுக்குமாடிக்கு அனுமதி கேட்கும்போது மண் பரிசோதனை அறிக்கை கேட்கிறார்களே என்று சிலர் சொல்வார்கள். அது கட்டடத்தின் பாரத்தை மண் தாங்குமா என்று பார்க்கும் சோதனை. அதே துளையிலிருந்து இன்னும் சில மாதிரிகளை எடுத்து, கன உலோகங்களுக்கும் சாயப் பொருள்களுக்கும் பார்க்க வேண்டும் என்று விதியில் ஒரு வரி சேர்த்தால் பாதி வேலை முடிந்தது. துளையிடும் செலவு ஏற்கெனவே ஆகிவிட்டது. கூடுதலாவது ஆய்வகக் கட்டணம். அதைப் பெரிய கட்டுமான நிறுவனம் தாங்கும். கால் கிரவுண்டு மனை வைத்திருக்கும் பழைய சாயக்காரர் குடும்பம் தாங்காது. அங்கேதான் பொதுப் பணம் வர வேண்டும். நகர ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் கட்டுமானங்களிடம் வளர்ச்சிக் கட்டணமும், உட்கட்டமைப்பு மற்றும் அடிப்படை வசதிக் கட்டணமும் வசூலிக்கிறார்கள். அதிலிருந்து ஒரு சிறு பங்கை மாவட்ட அளவில் மண் மதிப்பீட்டு நிதியாக ஒதுக்கலாம். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் 2023ஆம் ஆண்டின் ஜன் விஸ்வாஸ் திருத்தம் உருவாக்கிய பாதுகாப்பு நிதிக்கும் இது பொருத்தமான செலவு.

மாகறலிலிருந்து தெற்கே போனால் உத்திரமேரூர். பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகன் காலத்தில், அந்த ஊர்ச் சபை ஏரிக்கென்று தனி வாரியம் வைத்து, குடவோலை முறையில் அதன் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்ததைக் கோயில் கல்வெட்டு சொல்கிறது. ஏரியைப் பார்த்துக்கொள்வது யாரோ ஒருவரின் நல்லெண்ணத்துக்கு விடப்படவில்லை, ஆளும் பொறுப்பும் பெயர் சொல்லி ஒதுக்கப்பட்டன. மண்ணுக்கு இன்று அப்படியொரு பொறுப்பாளர் எந்த மாநகராட்சியிலும் கிடையாது.

அப்படியொருவரை நியமித்தால், அவரது முதல் வேலை அதிகச் செலவில்லாதது. பழைய தொழில் உரிமப் பதிவேடு, மின் இணைப்புப் பதிவு, நில அளவைப் புத்தகம், கூட்டுறவுச் சங்கக் கணக்கு ஆகியவற்றை எடுத்து, வயதான சாயக்காரர்களிடமும் உட்கார்ந்து பேசினால், எந்தத் தெருவில் எப்போது எந்தத் தொட்டி இருந்தது என்ற வரைபடம் கிடைத்துவிடும். அந்த நினைவு இன்னும் ஒரு தலைமுறைக்கு மேல் தாங்காது என்பதால் அதை முதலில் செய்ய வேண்டும். பட்டியலில் வந்தால் மனையின் விலை விழும் என்ற அச்சம் நியாயமானது. அதனால் சந்தேகப் பட்டியலில் ஒரு மனை சேர்ந்த நாளிலிருந்து சோதனைச் செலவை மண் மதிப்பீட்டு நிதி ஏற்க வேண்டும்; 90 நாளில் முடிவு வர வேண்டும்; மாசு இல்லையென்றால் வில்லங்கச் சான்றோடு சேர்த்துக் காட்டத்தக்க சான்றிதழை மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே இலவசமாகக் கொடுக்க வேண்டும். மாசு இருந்து, தொழில் செய்தவர் ஒரு சிறு குடும்பம் என்றால், அவர்களைப் பொறுப்பாளி என்று எழுதிக் கடனாளியாக்காமல், அந்த மனையைப் பொறுப்பாளியில்லா இடமாகக் கருதி அரசே சீரமைக்க விதியில் இடம் வேண்டும். கூலிக்குச் சாயம் போட்டவரையும் லட்சம் டன் கழிவைக் குவித்த ஆலையையும் 2025 விதிகள் ஒரே சொல்லால் அழைக்கின்றன. மாநில அரசு தன் நடைமுறை ஆணையில் அதைப் பிரித்துக் காட்டலாம்.